‘அது ஞாயந்தான்!’ – ஒரு சொல்லைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் பத்திரம் எழுதுவது என் தொழில். மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறவர்கள் பணக்காரரானாலும் பாவப்பட்டவரானாலும் ஒரு சொல்லை மட்டும் விடமாட்டார்கள். ‘நீங்களே ஒரு ஞாயம் சொல்லுங்க’ என்பார்கள். முப்பது வருடமாக இதைக் கேட்டுக் கேட்டு, அந்தச் சொல்லின் மீதே எனக்கு ஒரு பித்து வந்துவிட்டது. எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளிடம் இதைப் பற்றிப் பேசப் போனேன். அன்றும் அதற்குப் பிறகும் பலர் கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

நியாயம் என்றால் நீதியா, தர்க்கமா?

இரண்டும்தான். சண்டை வருவதும் அதனால்தான்.

அண்ணன் தம்பி இருவர் வந்தார்கள். அம்மை விட்டுப்போன இருபது சென்ட் நிலம். அண்ணன் சொன்னார்: “அம்மையைக் கடைசி பத்து வருசம் வச்சுப் பாத்தது நான். எனக்கு அஞ்சு சென்ட் கூடத் தரணும். அதுல்லா ஞாயம்?” தம்பி சொன்னார்: “அம்மை எழுதி வச்ச உயில்ல ரெண்டு பேருக்கும் சமபங்குன்னு கெடக்கு. இருபதுல பாதி பத்து. இதுல வேற என்ன ஞாயம் இருக்கு?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்து ‘ஞாயமாட்டுப் பேசு’ என்றார்கள். இருவரும் ஞாயமாகத்தான் பேசினார்கள். அண்ணனின் ஞாயம் அறத்தைச் சேர்ந்தது: உழைத்தவனுக்குக் கூடக் கிடைக்க வேண்டும். தம்பியின் ஞாயம் கணக்கைச் சேர்ந்தது: இன்னது உண்மையென்றால் இன்னதுதான் முடிவு, வேறு வழியில்லை. ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பதால், ஒருவருடைய கேள்விக்கு மற்றவர் பதிலே சொல்லவில்லை என்பதை இருவரும் கவனிக்கவில்லை. ஒரு மணி நேரம் போயிற்று. அவர்கள் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

பேச்சில் இவை இரண்டு மட்டும் இல்லை. நான் எண்ணிய வரை இன்னும் இரண்டு உண்டு. கடலுக்குப் போன மகன் திரும்ப நேரமாகிறது, காற்றும் அடிக்கிறது. ‘அவ பயப்படுகதுல ஞாயம் உண்டு’ என்கிறோம். இதில் நீதியும் இல்லை, நிரூபணமும் இல்லை. அந்தப் பயத்துக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது என்று மட்டும் பொருள். அடுத்தது, பஸ் நிறுத்தத்தில் கேட்பது: ‘ஞாயப்படி இப்ப வண்டி வந்திருக்கணும்.’ பஸ்ஸுக்கு அறமும் கிடையாது, மறமும் கிடையாது. தெரிந்த சங்கதிகளை வைத்துப் பார்த்தால் இப்படித்தான் நடந்திருக்க வேண்டும் என்கிறோம். தர்க்கசாஸ்திரம் படித்தவர்கள் இதை அனுமானம் என்பார்கள். நிறுத்தத்தில் நிற்கும் பாட்டிக்கு அந்தப் பெயர் தெரியாது; காரியம் தெரியும்.

‘ஞாயம்’ என்று சொல்வது கொச்சைதானே? எழுத்தில் ‘நியாயம்’ என்றுதானே வரவேண்டும்?

பத்திரத்தில் நியாயம், வாயில் ஞாயம். ‘நியா’ என்பதை வேகமாகச் சொல்லிப் பாருங்கள், நாக்கு தானாகவே ஞகரத்துக்குப் போகும். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எந்த மொழிச் சொல் இது? தமிழில் வேறு சொல் கிடையாதா?

வடமொழி ‘நியாய’. கௌதமர் பெயரால் வழங்கும் நியாய சூத்திரத்தை அடியாகக் கொண்ட ஒரு தரிசனத்துக்கே, அதாவது தத்துவ மரபுக்கே, நியாயம் என்றுதான் பெயர். தமிழில் அறப் பொருளுக்கு முறை, நடுவுநிலை என்ற சொற்கள் உண்டு. தர்க்கப் பொருளுக்கு ஏரணம், அளவை என்ற சொற்கள் உண்டு. ஏரணம் இப்போது பாடநூல் தமிழ். சந்தையில் யாரும் ‘உன் பேச்சில் ஏரணம் இல்லை’ என்பதில்லை; ‘லாஜிக் இல்லாமப் பேசாதலே’ என்கிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. ஏரணத்தைக் கட்டுரையில் எழுதுங்கள், நல்ல சொல்.

‘தர்க்கம்’ என்ற சொல்லிடம் மட்டும் நம் மாவட்டத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். மலையாளத்தில் தர்க்கம் என்றால் தகராறு. எல்லைத் தர்க்கம் என்றால் வேலிச் சண்டை. அந்த வாடை இங்கேயும் உண்டு. விளவங்கோட்டுக்காரர் ஒருவர் ‘எனக்க சொத்துல தர்க்கம் ஒண்ணும் இல்ல’ என்றால், அவர் சொத்துக்குச் சிந்தனை வளம் குறைவு என்று அர்த்தமில்லை. வில்லங்கம் இல்லை என்கிறார்.

எங்கள் வீட்டுப் பழைய கோர்ட்டுக் காகிதத்தில் தாத்தாவை ‘அந்நியாயக்காரன்’ என்று எழுதியிருக்கிறது. அவர் என்ன அநியாயம் செய்தார்?

ஒன்றும் செய்யவில்லை. இந்தக் கேள்வியோடு வருடத்துக்கு ஒருவராவது முகம் வெளுத்து வருவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1956 நவம்பர் 1 வரை எங்கள் மாவட்டத்தின் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் மலையாள மாநிலமான திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தன. அந்தக் காலத்துக் காகிதங்கள் பல மலையாளத்தில் இருக்கும், ஆண்டும் மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டாக இருக்கும். மலையாளக் கோர்ட்டு மொழியில் ‘அந்நியாயம்’ என்றால் வழக்கைத் தொடங்கும் மனு. எனக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று எழுதிக் கொடுப்பதால் அந்தக் காகிதத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதைக் கொடுத்தவர் அந்நியாயக்காரன். தமிழில் சொன்னால் வாதி.

ஆகவே உங்கள் தாத்தா அநியாயம் செய்தவர் அல்ல, அநியாயம் என்று முறையிட்டவர். தமிழ் வாசிக்கும் கண்ணுக்கு இது நேர் தலைகீழாகப் படும். பங்காளிகள் வீட்டில் ‘கோர்ட்டே ஒனக்க பாட்டாவை அநியாயக்காரன்னு எழுதி வச்சிருக்கு’ என்று கேலி செய்தால், அந்தக் காகிதத்தை எடுத்து வந்து யாரிடமாவது முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு சொல்லை மட்டும் பிய்த்தெடுத்து முடிவு கட்டினால் தாத்தா பாவம்.

இதே போல இன்னொன்று ‘பிரமாணம்’. கிழக்கே அதற்கு உறுதிமொழி என்று பொருள். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்களுக்குப் பிரமாணம் என்றால் சொத்துப் பத்திரம். தர்க்கசாஸ்திரத்தில் பிரமாணம் என்றால் ஒன்றை அறிந்துகொள்ளும் வழி: கண்ணால் காண்பது, ஊகிப்பது, ஒப்பிட்டு அறிவது, நம்பத் தகுந்தவர் சொல். நியாய தரிசனம் இந்த நான்கையும் ஒப்புக்கொள்கிறது. ‘பிரமாணம் இருந்தாப் பேசு, இல்லேன்னா போ’ என்று வேலிக்கருகே நின்று கத்துகிறவர், தெரியாமலேயே இரண்டு பொருளிலும் சரியாகத்தான் பேசுகிறார்.

‘ஞாயம் பிளக்காதே’ என்றால் என்ன? நியாயம் பேசுவது நல்லதுதானே?

பேசுவது நல்லது, பிளப்பது வேறு. தேங்காய் திருடி மாட்டிக்கொண்டவன், மரம் யாருடைய எல்லையில் சாய்ந்திருக்கிறது, விழுந்த காய் யாருக்குச் சொந்தம், எடுத்தது பகலா ராத்திரியா என்று அடுக்குவான். ஒவ்வொன்றும் கேட்க அழகாக இருக்கும். எதுவும் திருட்டைத் தொடாது. அதுதான் பிளப்பது. விளவங்கோட்டில் ‘ஞாயம் பறையாத’ என்று சுருக்கமாக முடித்துவிடுவார்கள்.

‘நியாயப்படுத்துதல்’ என்ற எழுத்துத் தமிழ்ச் சொல்லும் இப்போது அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டது. யாராவது ஒன்றை நியாயப்படுத்துகிறார் என்று எழுதினால், அது தப்பு என்று எழுதுகிறவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார் என்று வாசித்துக்கொள்ளலாம்.

காரணம் சொன்னால் அது நியாயமாகிவிடாதா?

ஆகாது. ‘மழை பெய்ஞ்சுது, அதனால ரப்பர் வெட்டல’ என்பது காரணம், நியாயமும்கூட. மழையில் வெட்டினால் பால் கழுவிக்கொண்டு போய்விடும். ‘மழை பெய்ஞ்சுது, அதனால கடன் வட்டி கட்டல’ என்பது சாக்கு. இரண்டிலும் மழை உண்மையாகவே பெய்திருக்கலாம். மழைக்கும் வட்டிக்கும் இடையே உள்ள கயிற்றைக் காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். வெட்டுக்கூலியை நம்பி இருப்பவர் அந்தக் கயிற்றையும் காட்டிவிடுவார், அப்போது சாக்கு ஞாயமாகிவிடும்.

சரியான நியாயத்துக்கு வடிவம் ஏதாவது உண்டா? எப்படிச் சோதிப்பது?

இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. நம் ஆட்களுக்கு மிகவும் நெருக்கமானது அது. மணிமேகலையின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லிக் கொடுக்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது நாம் நிறுவ வேண்டியது. அதற்குப் பக்கம் என்று பெயர். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. வேறு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அடுக்களை என்றால் அகராதி பார்க்க வேண்டியிருக்கும். நமக்கு அது காலையில் புட்டு அவிக்கும் இடம்.

இதில் எங்கெல்லாம் ஓட்டை விழும் என்பதுதான் ருசி. முதல் ஓட்டை ஏதுவிலேயே விழும். கார்த்திகை மாதக் காலையில் வேளிமலையைப் பாருங்கள், வெள்ளையாக ஏதோ எழும்பும். புகையா, பனியா, நீராவியா என்று தெரியாதபோதே ‘புகைதான், அதனால் தீ உண்டு’ என்று துணிவதையும் அந்தக் காதை பிழைகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஊர்ப் பேச்சில் பாதி இந்த வகை. ‘அவ நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு லைட்டு போட்டா’ என்பது மட்டுமே கண்டது. அது பனியா புகையா என்று பார்ப்பதற்கு முன்பே மலை முழுக்கத் தீ வைத்துவிடுவார்கள். மறுநாள் விசாரித்தால், பிள்ளைக்குக் காய்ச்சல்.

இரண்டாவது ஓட்டை, திருப்பிப் போடுவது. புகை இருந்தால் தீ உண்டு, சரி. தீ இருந்தால் புகை உண்டா? கொல்லன் உலையில் பழுக்கக் காய்ந்த இரும்பு தகதகவென்று இருக்கும், புகை வராது. ‘படிச்சவன் இங்கிலீஷ் பேசுவான்’ என்று ஒப்புக்கொண்டாலும், ‘இங்கிலீஷ் பேசுகான், அதனால படிச்சவன்’ என்று ஆகாது. கன்னியாகுமரிக் கடற்கரையில் பாசிமாலை விற்கும் பையன்களைப் போய்ப் பாருங்கள். நாலு பாஷையில் விலை சொல்வார்கள்.

வடிவம் சரியாக இருந்தும் முடிவு தப்பாக வருமா?

வரும். தமிழ்நாட்டு மாவட்டங்கள் எல்லாவற்றுக்கும் வடகிழக்குப் பருவத்தில்தான் மழை. குமரி தமிழ்நாட்டு மாவட்டம். ஆகவே குமரிக்கு ஆனி ஆடியில் மழை கிடையாது. கோர்வை அழகாக இருக்கிறது. ஆனால் நமக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு. முதல் வரி பொய் என்பதால், அடுத்த வரிகள் எவ்வளவு ஒழுங்காக வந்தாலும் ஆனியில் குடை எடுக்காமல் வந்தவர் நனையத்தான் செய்வார்.

மீன் சந்தையில் நடந்தது ஒன்று. மே மாதம் ஒரு வெளியூர்க்காரர் விலை கேட்டுவிட்டு, ‘சின்னமுட்டத்தில் தடைக்காலம் என்று எழுதிப் போட்டிருக்கிறது, அப்படியானால் குளச்சலிலும் விசைப்படகு போகாது, இது ஐஸில் கிடந்த பழைய மீன்தான்’ என்று அடித்துப் பேசினார். மீன் விற்ற அக்கா சிரித்துவிட்டார். ஒரே மாவட்டம்தான், ஆனால் இரண்டு கணக்கு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருகிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கு: ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டுமே 61 நாள். இரண்டு பக்கமும் சேர்ந்து விசைப்படகு நிற்பது ஜூன் முதல் பதினான்கு நாள் மட்டும். அப்போதும் நாட்டுப் படகும் வள்ளமும் போகும். அவருடைய மூளையில் குறையில்லை. ஒரு மாவட்டத்துக்கு ஒரு கடல்தான் என்று, சொல்லாமல் ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார். இப்படிச் சொல்லாமல் சேரும் வரிதான் பத்திரத்திலும் ஆளைக் கவிழ்ப்பது.

காகதாலீய நியாயம், தாலீபுலாக நியாயம் என்றெல்லாம் சொல்கிறார்களே, அவை என்ன?

அங்கே நியாயம் என்பது ஒரு சிந்தனை முறையைக் குறிக்கும் வாய்பாடு. பெயர்தான் பயமுறுத்தும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் காகதாலீயம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதே தாலீபுலாகம். மரம் முந்தியா வித்து முந்தியா என்பதற்கும் பீஜாங்குரம் என்று பெயர் இருக்கிறது.

ஒரு சோற்றைப் பார்த்து முழுப் பானையும் வெந்தது என்கிறோமே, அது எப்போதும் சரியா? பானையில் சரி, எல்லாம் ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ. ஒரு ஊர்க்காரன் ஏமாற்றினான் என்று அந்த ஊரையே சொல்வது சரியில்லை. ஊர் ஒரே பானையில் வேகவில்லை.

காக்கைக்கும் பனம்பழத்துக்கும் நம் மாவட்டத்திலேயே ஒன்று வைத்திருக்கிறேன். விளவங்கோட்டுப் பக்கம் பார்த்திவசேகரபுரத்தில், 9ஆம் நூற்றாண்டில், ஆய் குலத்து மன்னன் கருநந்தடக்கன் ஒரு கல்விச்சாலை நிறுவினான். 95 மாணவர்களுக்கு இடம். இலக்கணமும், வேத வாக்கியங்களுக்குப் பொருள் காணும் மீமாம்சையும் அங்கே வேண்டிய படிப்பு. இனி குமரிமுனைக்கு வாருங்கள். 2000 ஜனவரி 1 அன்று திறந்த வள்ளுவர் சிலை மொத்தம் 133 அடி. அதில் பீடம் 38 அடி, சிலை 95 அடி. அங்கேயும் 95! இதை யாராவது வாட்ஸ்அப்பில் ‘முன்னோர் ரகசியம்’ என்று அனுப்பும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: அறத்துப்பாலின் 38 அதிகாரத்துக்குப் பீடம், பொருளுக்கும் இன்பத்துக்குமாக 70உம் 25உம் சேர்ந்த 95க்குச் சிலை. 133க்கும் குறளுக்கும் உள்ள உறவு, செய்தவர்கள் நினைத்தே வைத்தது. 95க்கும் ஆய் மன்னனுக்கும் உள்ள உறவு, காக்கையும் பனம்பழமும்.

சர்ச், ரேஷன் கடை எல்லா இடத்திலும் இந்தச் சொல் வருகிறதே?

வருகிறது. நியாயவிலைக் கடையில் அது கட்டுப்படியாகும் விலை. புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் நியாயப்பிரமாணம், நியாயாதிபதிகள், நியாயத்தீர்ப்பு. அங்கே சட்டம், தீர்ப்பு என்ற பக்கம் மட்டும்தான் நிற்கிறது, தர்க்கப் பக்கம் மறைந்துவிடுகிறது. அந்த நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பக்கத்து வீட்டு ஆச்சி சொல்வார்: ‘இங்க ஞாயம் பொளக்கலாம், அங்க நடக்காது.’

கோயமுத்தூரில் ‘நாயம் பேசலாம் வாங்க’ என்கிறார்களே?

அங்கே அதற்குச் சும்மா உட்கார்ந்து கதை பேசுவது என்றுதான் பொருள். நம் ஊர்க்காரர் ஒருவர் அங்கே பெண் பார்க்கப் போய், சம்பந்தி வீட்டில் அப்படிக் கூப்பிட்டதும், என்ன வழக்கோ என்று வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போனாராம். கேட்ட கதைதான். நம்பும்படியாக இருப்பதால் சொல்கிறேன்.

பெரியவர்கள் தப்பாக முடிவு சொல்லும்போது, மரியாதை கெடாமல் எப்படி மறுப்பது?

‘நீங்க சொல்லுகதும் ஞாயந்தான்’ என்று தொடங்குவது நம் வழக்கம். அந்த ‘உம்’ இருக்கிறதே, அதில்தான் மறுப்பு முழுவதும் இருக்கிறது. ‘நீங்க சொல்லுகது ஞாயம்’ என்றால் ஒப்புக்கொண்டாயிற்று. ‘சொல்லுகதும்’ என்றால் இன்னொரு ஞாயமும் வாசலில் காத்து நிற்கிறது. ‘மாமா, நீங்க சொல்லுகதும் ஞாயந்தான், ஆனா ஆழம் பாக்காமக் கெணறு தோண்டுனா...’ என்று மெதுவாக இழுத்தால் மாமா தானாகவே அங்கே வந்து சேர்வார். சில மாமாக்கள் வரமாட்டார்கள். அவர்களிடம் ‘எந்த ஞாயத்தைச் சொல்லுகிய மாமா?’ என்று கேட்டுப் பாருங்கள். கோபத்தில் இருப்பவரையும் அந்தக் கேள்வி ஒரு நிமிடம் யோசிக்க வைக்கும்.

அந்த அண்ணன் தம்பியிடம் நான் கேட்டதும் அதைத்தான். ‘உயில்ல என்ன இருக்குன்னு கேக்குதியளா, அம்மையைப் பாத்ததுக்கு என்ன செய்யணும்னு கேக்குதியளா?’ கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு தம்பிதான் சொன்னார்: ‘அண்ணன் சொல்லுகதும் ஞாயந்தான்.’ அந்த ‘உம்’மை வைத்து இன்னும் அரை மணி நேரம் போயிற்று. முடிவில் நிலம் உயில்படி பத்துப் பத்து சென்ட். தம்பி பங்கில் கிணற்றோரம் நிற்கும் வரிக்கப் பிலா என்னும் பலாமரத்தின் காய் மட்டும், மரம் நிற்கும் காலம் வரை அண்ணனுக்கு.

அதையும் பத்திரத்தில் எழுதச் சொன்னார்கள். அது வேண்டாம், வாய்ச்சொல்லாக இருக்கட்டும் என்று நான்தான் தடுத்தேன். இந்த வருடம் அந்த மரத்துச் சக்கைப்பழம் இரண்டு என் வீட்டுக்கும் வந்தது. அதில் என்ன ஞாயம் என்று மட்டும் கேட்காதீர்கள்.